ஒரு கரண்டி சாம்பல்

அயோவாவில் பர்ல் வீட்டு வாசலில் லோர்னா காரை நிறுத்தியபோது மதியச் சாப்பாட்டு நேரம். பர்ல் அவள் புருஷன் வெண்டலின் தம்பி. வெளியே வந்தவன் அவளைப் பார்ப்பதற்கு முன்னால், முன் இருக்கையில் இருந்த கறுப்பு டப்பாவைத்தான் பார்த்தான்.

"வெண்டல் இவ்வளவு அமைதியா உக்காந்து வந்து நான் பாத்ததே இல்ல," என்றான்.

"ஒஹையோலேருந்து ஒரு தடவகூட வழி தப்புன்னு சொல்லல," என்றாள் லோர்னா. இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

வெண்டலின் சாம்பல் அந்த டப்பாவில் இருந்தது. ஓரிகன் கடலில் தன்னைக் கரைக்க வேண்டும் என்பது அவன் கடைசி ஆசை. போகிற வழியில் சொந்தபந்தங்களின் வீடுகளில் தங்கி, கேட்பவர்களுக்கு நினைவாக ஒரு கரண்டி கொடுத்துவிட்டுப் போவது என்பது லோர்னாவின் ஏற்பாடு. அந்தப் பக்கத்தில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. பர்ல் தன் பங்கைத் தூண்டில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். "இனிமேலாவது நான் புடிக்கிற மீனத் தன்னோடதுன்னு சொல்லாம இருப்பான்."

டப்பாவை அவனே பத்திரமாகப் பின் இருக்கையில் வைத்து வழியனுப்பினான். சோளக்காட்டைத் தாண்டியதும் கார் மணியடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி.

முன் இருக்கை காலியாக இருந்தது.

லோர்னா காரை ஓரங்கட்டி, எட்டி பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மணி நின்றது. பெல்ட் தொய்ந்து விழவில்லை. ஒரு தொப்பையின் மேல் ஏறிப் படிந்ததுபோல, காற்றில் வளைந்து நின்றது.

"வந்துட்டியா," என்றாள். பயமே வரவில்லை அவளுக்கு.

நெப்ராஸ்கா முழுக்க அவனோடு பேசிக்கொண்டே வந்தாள். அவன் மெல்லும் புதினாப் புகையிலையின் வாசனை காருக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. செத்த பிறகும் விட்டுப் போகாத புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று நினைத்து நினைத்துப் பூரித்துப்போனாள், பாவம்.

வயோமிங்கில் அவள் தங்கை ட்ரூடியின் வீடு. கல்யாணம் செய்துகொள்ளாதவள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல்லும், ஓயாத காற்றும், நடுவில் ஒரு பழைய மரவீடும். வாசலிலேயே ட்ரூடி ஜாடியோடு நின்றிருந்தாள். லோர்னா ஒரு கரண்டி சாம்பலை அதில் போட்டாள்.

சமையலறை மேசையில் ட்ரூடி மூன்று கோப்பை காப்பி வைத்தாள். மூன்றாவதில் நிறையப் பால் ஊற்றிக் காலி நாற்காலிக்கு முன்னால் நகர்த்தினாள்.

"வெண்டல் பால் ஊத்திக்க மாட்டானே," என்றாள் லோர்னா.

"இங்க ஊத்திக்குவான்."

"இங்கயா? இங்க எப்ப வந்தான்?"

ட்ரூடி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லாரில மாடு ஏத்திட்டுப் போறப்பல்லாம் வருவான்."

"மொன்டானா பக்கம் போறேன்னுதானே எங்கிட்ட சொல்லுவான்."

"ஒங்கிட்ட அப்படித்தான் சொல்லுவான்."

லோர்னா தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். கூடப் பிறந்தவளும் கூட வாழ்ந்தவனும் சேர்ந்து, ஒரு ஆயுள் முழுக்க அவளை முட்டாளாக்கியிருக்கிறார்கள். பச்சைத் துரோகம். வாய் வரை வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு, டப்பாவை அணைத்தபடி வெளியே வந்து காரைக் கிளப்பினாள்.

பக்கத்து இருக்கையின் பெல்ட் கழன்று கிடந்தும் மணி அடிக்கவில்லை.

டப்பாவை முன் இருக்கையிலேயே வைத்துப் பார்த்தாள். புகையிலை வாசனையும் இல்லை. கார் வெறும் காராக இருந்தது.

"வெண்டல்," என்று கூப்பிட்டாள். "கோவிச்சுக்கலடா. வா, போலாம்."

வெளியே காற்றுதான் இரைந்தது. நெடுஞ்சாலை வந்து சேரும்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் அவளோடு பயணம் வரவில்லை. ட்ரூடி வீட்டுக்குப் போக அவளை வண்டியோட்ட வைத்திருக்கிறான்.

திரும்பினாள். உயிரோடு இருந்தபோது ஏமாற்றியது போகட்டும், செத்த பிறகும் அவனை ட்ரூடியிடம் விட்டுக்கொடுக்க முடியாது. கடல்வரை கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்தவள் அவள்தான்.

வீட்டை அடைந்தபோது சூரியன் புல்லுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ட்ரூடி நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

"லோர்னா, போயிடு," என்று கண்ணாடி வழியாகக் கிசுகிசுத்தாள்.

"அந்த ஒரு கரண்டியக் குடு. போயிடறேன்."

"குடுத்துடலாம்னுதான் பாத்தேன். ஜாடியத் தொட விடமாட்டேங்கறான்."

லோர்னா படியேறிக் கதவில் நெற்றியைச் சாய்த்தாள். "வெண்டல், நான்தான். எல்லாத்தயும் மன்னிச்சுட்டேன். வெளிய வா."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

கனமான பூட்ஸ் சத்தம், அவசரமில்லாமல், கதவை நோக்கி வந்தது. அந்த நடை அவளுக்குத் தெரியும். கைப்பிடி திரும்பியது. கதவு விரலளவு திறந்தது. அத்தனை துரோகத்துக்குப் பிறகும் அவள் நெஞ்சு சந்தோஷத்தில் படபடத்தது.

கதவு சாத்திக்கொண்டது.

லோர்னா ஜன்னலைப் பார்த்தாள். ட்ரூடியின் இரண்டு கைகளும் கண்ணாடியிலேயே இருந்தன.

உள்ளே, யாரோ நிதானமாகத் தாழ்ப்பாளைப் போட்டார்கள்.