ஆவியாகாதது

மாதிரிக் குப்பியில் வியர்வை வாடை அடித்தது.

ஆய்வகப் பொறுப்பிலிருந்த சுஷ்மா, கொதிகலனிலிருந்து எடுத்த அந்தத் திரவத்தை மீண்டும் முகர்ந்தாள். போசரியில் இருந்த அந்த ஆல்கஹால் ஆலையின் தகரக் கூரையை மழை காலையிலிருந்து அறைந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் பம்புகள் ஓய்ந்து, துருவும் ஈரச் சிமெண்டும் கலந்த நாற்றம் மட்டுமே எங்கும் தேங்கியிருந்தது. ஆல்கஹாலில் கலந்த தண்ணீரை எவ்வளவு காய்ச்சினாலும் முழுக்கப் பிரிக்க முடியாது. ஓரளவுக்கு மேல் இரண்டும் சேர்ந்தே ஆவியாகும். அதற்காகத்தான் இந்த அயனி திரவம். உப்புதான், ஆனால் எண்ணெய்போல ஓடும். தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு ஆல்கஹாலை மட்டும் விட்டுவிடும். பிறகு கொதிகலனில் சூடாக்கினால் தண்ணீர் வெளியேறும், உப்பு அப்படியே மிஞ்சும். அது ஆவியாகாது. இதுவரை அதில் எந்த வாடையும் வந்ததில்லை.

கொதிகலனில் திரவமட்டம் வேறு உயர்ந்திருந்தது.

காலையில் கேட்டருகே ஆபரேட்டர் டேனியலின் மனைவி பவுன் நனைந்தபடி நின்றாள். "நேத்து இவரு வீட்டுக்கு வரல மேடம். போன் அடிச்சா எடுக்கல. சாப்பாட்டு டபாகூடத் திரும்பி வரல." நேற்று காலிக் கொதிகலனுக்குள் அவனை இறக்கிச் சுத்தம் செய்யச் சொன்னவர் மேலாளர் பத்ரிநாத். மூடியைப் பூட்டித் திரவத்தை நிரப்பியதும் அவரேதான்.

டக்.

கொதிகலனுக்குள்ளிருந்து.

"தண்ணி ஏறியிருக்கா?" பத்ரிநாத் பின்னால் நின்றிருந்தார். அவர் வந்த சத்தமே கேட்கவில்லை. "ஹீட்டரைப் போடு."

"சார், டேனியல் எங்க?"

"ஓடிட்டான்."

டக். டக்.

"உள்ள யாரோ தட்டறாங்க சார். மூடியைத் திறங்க."

"தட்ட முடியாது." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "நேத்து நிரப்பறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மூச்சு இல்ல. வெளியில எடுத்திருந்தா ஆலையை மூடியிருப்பாங்க. வேலையைப் பாரு."

அவரே ஸ்விட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. சுஷ்மா பாய்ந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். வியர்வை வாடை கனத்தது. தட்டல் வேகமானது. ஒரு கை. பிறகு இரண்டு கைகள். அவள் அவர் புறங்கையைக் கடித்தாள். பிடி விட்டது. மெயின் ஸ்விட்சை இழுத்தாள்.

விளக்கு அணைந்தது.

கொதிகலன் கொதித்துக்கொண்டே இருந்தது.

ஆவியைத் தண்ணீராக்கும் குளிர்ப்பானின் கீழிருந்த கண்ணாடி ஜாடியில் தண்ணீர் விழத் தொடங்கியது. சொட்டுச் சொட்டாக. பிறகு நூலாக. தெளிந்த தண்ணீர்.

பத்ரிநாத் சுவரோடு ஒட்டி நின்றார்.

கொதிகலனின் வட்டக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. உள்ளிருந்து ஒரு கை அதைத் துடைத்தது. எலும்போடு ஒட்டிய தோல். காய்ந்த வாழைச்சருகு மாதிரி.

துடைத்த இடத்தில் டேனியலின் முகம். கண்குழிகள் வறண்டிருந்தன. சுருங்கிய உதடுகள் மெல்லத் திறந்து, மூடி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப உச்சரித்தன.

தண்ணி.

கீழே ஜாடி நிரம்பிக்கொண்டிருந்தது.