இருப்பிடம் தெரியாது

பெல்டிங் கவுண்டி நீதிமன்றத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு லியோரா உள்ளே நுழைந்தபோது மணி இரண்டரை. நவம்பர் வெளிச்சம் அதற்குள்ளேயே மங்கத் தொடங்கியிருந்தது. வெளியே மழையுமில்லாமல் பனியுமில்லாமல் ஏதோ ஒன்று சரசரவென்று விழுந்துகொண்டிருந்தது.

வாசலில் இருந்த காவலர் அவள் கைப்பையைக் குடைந்து பார்த்து, பின்னல் ஊசிகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"போறப்ப வாங்கிக்குங்கம்மா. இதால நீங்க ஒரு ஜட்ஜைக் குத்திட்டா என் வேலைதான் போகும்."

"எழுபத்தொரு வயசுல நான் யாரைக் குத்தப் போறேன்?" என்றாள் லியோரா.

அவள் கணவன் எல்டன் ஹெக்லண்ட் ஏப்ரலில் இறந்துபோனான். விதவை ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டபோது, லியோராவை மணப்பதற்கு முன்பு அவனுக்கு இன்னொரு மனைவி இருந்தாள், அந்த மணம் முறிந்ததற்கான தீர்ப்பு நகல் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். முதல் மனைவியின் பெயர் கோரின். அவளைப் பற்றி எல்டன் அதிகம் பேசியதில்லை. "ஒருநாள் சொல்லாம கொள்ளாமப் போயிட்டா. எங்க போனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை" என்று கல்யாணத்துக்கு முன்பு ஒரே ஒரு தடவை சொல்லிக் கண் கலங்கினான். லியோரா தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். இப்படிப்பட்ட மனிதனை விட்டுப் போக எந்தப் பாவிக்கு மனசு வந்தது என்றுதான் அன்று நினைத்தாள்.

பதிவேட்டு அலுவலகம் முதல் மாடியில். டார்லா என்ற பெண் சூயிங்கம் மென்றபடி படிவத்தை நீட்டினாள். கணவன் பெயர், மனைவி பெயர், தோராயமான வருடம், வழக்கு எண் தெரிந்தால் அது.

"எண்பத்து நாலா? அய்யோ, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறலையே. கீழ இருக்கு, பாதாள அறையில. எடுத்துட்டு வர்ற ஆளு இன்னிக்கு லீவு. திங்கக்கிழமை வர முடியுமா?"

"ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கேன்மா. இந்த ரோட்டுல."

டார்லா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"நீங்களே தேடிக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. சிவப்பு அட்டை போட்ட தடிப் புத்தகங்கதான் பெயர்ப் பட்டியல். வழக்கு எண் மட்டும் எழுதிட்டு வந்தாப் போதும், மீதியை நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டாள்: "ரொம்ப நேரம் இருக்காதீங்க. அங்க குளிரும்."

படிகள் கல்லால் ஆனவை. நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. கீழே இறங்க இறங்க நனைந்த கம்பளியின் வாடை வந்தது. எங்கோ வெப்பக் குழாய் டக், டக் என்று தட்டியது. ஆனாலும் காற்றில் சூடு இல்லை.

அறையில் ஒரே ஒரு விளக்கு. கூரைவரை இரும்பு அடுக்குகள். கோடியில் ஒரு மர பெஞ்சு. அதில் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். தலைமுடி ஈரமாக இருந்தது.

"ஏம்மா, ஆளு லீவுன்னு மேல சொன்னாங்களே?" என்றாள் லியோரா.

"நான் லீவு எடுக்கறதில்லை." குரல் மெதுவாக வந்தது. "ஹெக்லண்ட்தானே?"

மேலேயிருந்து டார்லா போன் பண்ணியிருப்பாள் என்று லியோரா நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பெண் தேடவே இல்லை. நேராக ஓர் அடுக்கிடம் போய்ப் புத்தகத்தை இழுத்து மேஜைமேல் வைத்து, ஒரே புரட்டலில் பக்கத்தைத் திறந்தாள். பிறகு அதே அடுக்கில் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு கோப்பை உருவிக் கொடுத்தாள். காகிதம் பழுப்பேறி, ஓரங்கள் விரல் பட்டுப் பட்டு நைந்திருந்தன. வேறெந்தக் கோப்பும் இப்படி நையவில்லை.

"படி" என்றாள்.

இந்தச் சின்னப் பெண் தன்னை ஒருமையில் பேசுகிறாளே என்று லியோராவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மேஜையருகே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

அது எல்டன் கொடுத்த சத்தியப் பத்திரம். 'என் மனைவி கோரின் தற்போது எங்கே வசிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. தேடக்கூடிய இடங்களிலெல்லாம் தேடிவிட்டேன்.' ஆகவே நோட்டீஸை நேரில் கொடுக்க வழியில்லை என்று கோர்ட் ஒப்புக்கொண்டு, செய்தித்தாளில் விளம்பரம் போட அனுமதித்திருந்தது. மூன்று வாரம் விளம்பரம் வந்தது. பதில் வரவில்லை. தீர்ப்பாகிவிட்டது. அடியில் எல்டனின் கையெழுத்து. 'எ'வைச் சுழித்துப் போடும் அதே அழகான கையெழுத்து.

"அவரு சொன்னது சரிதான்" என்றாள் லியோரா, நிம்மதியாக. "அவ போயிட்டா. பாவம், எங்க தேடியும் கிடைக்கலை."

பச்சைச் சட்டைக்காரி சிரிக்கவில்லை.

"அன்னிக்குக் காலைல அவனுக்கு முட்டை பொரிச்சுக் குடுத்தது நான்தான்."

வெப்பக் குழாயின் சத்தம் நின்றது.

"ரெண்டு முட்டை. மஞ்சக்கரு உடையக் கூடாது அவனுக்கு. சாப்பிட்டான், வாயைத் துடைச்சான், என் கன்னத்துல முத்தம் குடுத்தான். டவுனுக்குப் போய் விதை வாங்கிட்டு வரேன்னு கிளம்பினான். நேரா இங்க வந்து, பொண்டாட்டி எங்கன்னு தெரியலைன்னு சத்தியம் பண்ணினான். ராத்திரி வந்து பக்கத்துல படுத்துக்கிட்டான். மூணு மாசம். அப்புறம் ஷெரீப் ஆளு ஒருத்தன் வந்து, இது உன் வீடு இல்லைம்மா, பெட்டியைக் கட்டுன்னான். எந்தப் பேப்பர்ல இருக்குன்னு கேட்டு இங்க வந்தேன்."

லியோராவுக்கு எழுந்துகொள்ளத் தோன்றியது.

மஞ்சள் கரு உடையக் கூடாது. முப்பத்தொன்பது வருடமாக லியோராவும் அப்படித்தான் பொரித்துக் கொடுத்தாள்.

"நீ... யாரும்மா?"

ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. அது பரவவில்லை, விழுந்த இடத்திலேயே உறைந்து வெளுத்தது.

"உன்னோடதும் இருக்கு" என்றாள் கோரின்.

புத்தகத்தின் பக்கங்கள் புரண்டன. எண்பத்தைந்து, தொண்ணூறு, தொண்ணூற்றாறு. அத்தோடு எழுத்து முடிந்து வெற்றுத் தாள்கள் வந்தன. வெற்றுத் தாள்களுக்கு நடுவில் ஒரே ஒரு வரி. மை இன்னும் காயாததுபோல மின்னியது.

ஹெக்லண்ட், எல்டன். எதிர்: ஹெக்லண்ட், லியோரா. அக்டோபர் 17, 2006. காலை 10.40.

லியோரா அந்தத் தேதியை மறந்ததில்லை. அன்றுதான் அவள் மார்பில் கத்தி வைத்தார்கள். ஐந்து மணி நேர அறுவை. தள்ளுவண்டியில் அவளை உள்ளே கொண்டுபோகும்போது எல்டன் நெற்றியில் முத்தமிட்டான். மாலையில் கண் விழித்தபோது மஞ்சள் செவ்வந்திக் கொத்தோடு உட்கார்ந்திருந்தான். "கதவு பக்கத்தை விட்டு நகரலை லியோரா. காபிகூடக் குடிக்கலை" என்றான். அந்த ஒரு வாக்கியத்தைச் சர்ச்சிலும் கடைத்தெருவிலும் எத்தனை பேரிடம் அவள் பெருமையாகச் சொல்லியிருப்பாள்!

"பொய்" என்றாள். "நான் ஆஸ்பத்திரில இருந்தேன். அது அவருக்குத் தெரியும். என் கையில கட்டியிருந்த பேர்ப் பட்டையைக்கூட அவருதான் படிச்சுப் பாத்தாரு."

"தெரியும். அவங்கப்பன் நிலம் இந்தக் கவுண்டிலதானே இருக்கு? உன் ஆஸ்பத்திரிக் கடனுக்கு அதைப் பிடுங்கிடுவாங்கன்னு பயந்துட்டான். இந்த ஊர்ப் பேப்பர் நீ வாங்கறதில்லை. அதுலதான் விளம்பரம் போட்டான். அந்தக் கடனை எப்படி அடைச்சே?"

லியோரா தன் அம்மா விட்டுப்போன ஏரிக்கரை வீட்டை விற்று அடைத்தாள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது எல்டன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தான்.

நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். கழுத்தறுபட்டவளுக்கு அன்றே வலித்திருக்கும். லியோராவோ பதினெட்டு வருடம் வலி தெரியாமல் அவனுக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்திருக்கிறாள், கால் பிடித்துவிட்டிருக்கிறாள், கடைசி மாதத்தில் மலம் அள்ளியிருக்கிறாள். அவன் மனைவி என்று நினைத்துக்கொண்டு.

அவளுக்கு அழுகை வரவில்லை. வாயெல்லாம் கசந்தது.

கோரின் ஒரு படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். பழைய படிவம், தட்டச்சில் அடித்தது. ஓர் இடத்தில் மட்டும் எதுவும் எழுதப்படவில்லை. எதிராளியின் தற்போதைய இருப்பிடம்.

"மனு குடுக்கணும்னா இதை எழுதணும். எனக்குத் தெரியலை. எடம் தெரியாம நான் இங்கேருந்து வெளில போக முடியாது." குரல் முதல் தடவையாக நடுங்கியது. "எங்க இருக்கான்?"

லியோரா விளக்கைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். இப்போதே ஓடிவிடலாம், யாரும் தடுக்கவில்லை. ஒரு கணம் எல்டனின் முகம் வந்தது. சூப்பை ஊதி ஊதி அவளுக்கு ஊட்டிய முகம். அதே முகம் அன்று காலை 10.40க்கு, வலது கையைத் தூக்கி, இங்கே, இந்தக் கட்டடத்தில்...

மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். அது அவள் விரலில் பனிக்கட்டியாகச் சுட்டது.

எழுதினாள். 'லூத்தரன் கல்லறைத் தோட்டம், கில்மன் சாலை. வடக்கு வரிசை, நான்காவது.'

எழுதி முடித்து நிமிர்ந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது.

படிவமும் இல்லை.

குழாய் மறுபடி தட்டத் தொடங்கியது. டக். டக்.

மேலே வந்தபோது டார்லா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெல்லுவதை நிறுத்தினாள்.

"ரெண்டு நகல் வேணும்" என்றாள் லியோரா. "எண்பத்து நாலு. அப்புறம் ரெண்டாயிரத்து ஆறு."

"ரெண்டாயிரத்து ஆறு கீழ இருக்காதேம்மா. புத்தகம் தொண்ணூத்தாறோட நிறுத்தியாச்சு." டார்லா கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். பிறகு லியோராவின் ஓட்டுநர் உரிமத்தில் இருந்த பெயரைப் பார்த்தாள். "அய்யோ... இது நீங்கதானா? உங்களுக்குத் தெரியாதா?"

"கீழ ஒரு பொண்ணு சொல்லிச்சு."

டார்லா எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பச்சைச் சட்டையா?" என்று கிசுகிசுத்தாள்.

லியோரா தலையசைத்தாள்.

"எனக்கு முன்னாடி இந்த நாற்காலில இருந்தவங்க சொல்லியிருக்காங்க. எண்பத்தஞ்சு பிப்ரவரி. பனில நடந்தே வந்து ஒரு கோப்பைக் கேட்டிருக்கா. கீழ பெஞ்சுல உட்கார்ந்து படிச்சவ எந்திரிக்கவே இல்லை. கையிலேர்ந்து அந்தக் காகிதத்தைப் பிரிக்க ரெண்டு பேரு வேண்டியிருந்துதாம்." கதவை ஒருமுறை பார்த்தாள். "நான் பாத்ததில்லை. உங்ககிட்ட ஏதாவது கேட்டாளா?"

"இல்லை" என்றாள் லியோரா.

டார்லா நகல்களில் முத்திரை பதித்தாள். அந்த இரும்புச் சத்தம் ஒவ்வொரு முறையும் லியோராவின் மார்புத் தழும்பில் வந்து விழுந்தது.

ஓய்வூதிய அலுவலகத்தில் இருந்த பெண் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு ஆறுதலாகப் பேசினாள். "கவலைப்படாதீங்க. விவாகரத்தான மனைவிக்கும் உண்டு. நீங்க இருபத்தோரு வருஷம் சட்டப்படி வாழ்ந்திருக்கீங்களே." விதவை என்ற கட்டத்தை அடித்துவிட்டு, விவாகரத்தானவர் என்ற கட்டத்தில் லியோரா குறி போட்டாள். வீட்டுக்கு வந்து எல்டனின் சட்டைகளையெல்லாம் அள்ளி மூட்டை கட்டி வாசலில் வைத்தாள்.

டிசம்பர் முதல் வாரம். ஒரு முற்பகல் வேளை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்விட் போன் பண்ணினார்.

"லியோரா, எல்டன் பக்கத்துல உனக்குன்னு வாங்கி வெச்ச எடம் இருக்கே, அதை யாருக்காவது குடுத்துட்டியா?"

"ஏன்?"

"நேர்ல வந்து பாரேன். போன்ல சொன்னா நீ சிரிப்பே."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போன வாரம் விழுந்த பனி முழங்கால் உயரம். வாசலிலிருந்து வடக்கு வரிசைவரை ஒற்றைக் காலடித் தடம் போயிருந்தது. பெண்பிள்ளைக் கால், சின்னது. திரும்பி வந்த தடம் இல்லை.

நான்காவது கல்லுக்குப் பக்கத்தில், லியோராவின் இடத்தில், பனி ஓர் ஆள் நீளத்துக்கு உருகி, மண் உள்வாங்கியிருந்தது. தலை இருக்குமிடத்தில் ஒரு சின்னக் குழி. ஒருக்களித்து, எல்டன் பக்கமாகத் திரும்பிப் படுத்த உடம்பின் வடிவம். எல்டனின் கல்லோ மறுபக்கம் சாய்ந்து கிடந்தது. அவன் மேல் இருந்த மண் அந்தப் பக்கமாக வெடித்திருந்தது.

"மூணு தடவை நிமித்தி வெச்சுட்டேன்" என்றார் ஆர்விட். "மறுநாள் பாத்தா அந்தப் பக்கமே சாயுது. கல்லு தன்னால நகருமா? பூமி அசையுதுன்னு நினைக்கிறேன். ஒரு லாரி மண்ணு கொட்டி இந்தப் பள்ளத்தை மூடிடவா?"

லியோரா குனிந்து கையுறையைக் கழற்றி, குழிந்த மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

கீழே எங்கோ, மிக ஆழத்தில், பலகையை உள்ளிருந்து யாரோ நகத்தால் சுரண்டுகிற சத்தம். அவசர அவசரமாக. அது இந்தக் குழியிலிருந்து வரவில்லை. பக்கத்துக் குழியிலிருந்து வந்தது.

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"மூடாதீங்க ஆர்விட்" என்றாள். "ஆள் இருக்கு."

வாசலை நோக்கி நடந்தபோது மறுபடியும் பனி பெய்யத் தொடங்கியது. ஆர்விட் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எல்லாக் கல்லறைகளும் வெளுத்துக்கொண்டு வந்தன. அந்த ஓர் இடத்தில் மட்டும், விழுந்த பனி விழுந்தவுடனே உருகி, மெல்லிய ஆவியாக மேலேறிக்கொண்டிருந்தது. ஏறும், நிற்கும். மறுபடி ஏறும், நிற்கும்.