சட்டகத்தின் இடப்பாதி

திங்கட்கிழமை முதல் வகுப்பு எப்போதும் படம் பார்ப்பதுதான். இருபத்திரண்டு மாணவர்கள், இருபத்திரண்டு பார்வை இருக்கைகள். உட்கார்ந்ததும் எதிரே உள்ள சிறு திரை கண்மணிகளைத் தேடிப் பிடிக்கும். பச்சைப் புள்ளி எரிந்தால் படம் ஆரம்பம். அருளப்பன் பின்வரிசையில் நின்று பச்சைப் புள்ளிகளைச் சரிபார்த்தான். ஆராய்ச்சி மாணவர்களுக்கு அது முறைவேலை. எட்டு மாத விடுப்புக்குப் பின் அவன் திரும்பி வந்த முதல் வாரம்.

படம் ஒன்றுதான். துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஒரு கல்யாணம். ஆனால் வெளியே வரும்போது ஆளுக்கொரு படம் பார்த்திருந்தார்கள்.

“எனக்கு முழுக்கப் பந்தியிலயே ஓடிச்சு,” என்றாள் முதலாண்டு மாணவி இசக்கி. “பொண்ணு மாப்பிள்ளையக் கண்ணுலயே காட்டல.”

“காலைல சாப்பிடாம வந்து உக்காந்தா அப்படித்தாம்ட்டி காட்டும்,” என்றான் பக்கத்து இருக்கை ஜெபின்.

“ஒனக்கு என்ன காட்டிச்சுன்னு நான் சொல்லட்டா? பொண்ணுக்குத் தோழியா வந்தவ மட்டும் வந்திருப்பா, ஒன்றரை மணி நேரமும்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

கண் எங்கே நிற்கிறதோ அங்கே படம் வளரும். கண் போகாத இடத்தில் முதலில் ஆட்கள் குறைவார்கள், பிறகு பொருள்கள் மறையும், கொஞ்ச நேரத்தில் வெறும் சுவர் மிஞ்சும். விழிவழிப் படம் வந்து பதினான்கு வருடமாகிறது. ஒரே படத்தை ஊரே பார்த்த காலம் பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம். இயக்குநரை இப்போது யாரும் ஆராய்வதில்லை. பார்த்தவரைத்தான் ஆராய்கிறார்கள். ஒருவர் கண்ணால் உருவான பதிப்பைக் கையில் கொடுப்பார்கள். அந்த ஆள் எதற்கு ஏங்குகிறார், எதைக் கண்டு ஒதுங்குகிறார் என்று சொல்ல வேண்டும். திரைப்படப் பகுப்பாய்வு என்றால் அதுதான்.

பதினொரு மணிக்குத் துறைத்தலைவர் மங்கையர்க்கரசி அவனைக் கூப்பிட்டார்.

“உக்காருங்க அருளப்பன். சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு மேடம்.”

“உங்க கட்டுரையப் பொருளுரைப்பிக்குக் குடுக்கப் போறோம். குழு ஒரே மனசா தேர்ந்தெடுத்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க ஒப்புதல் தரணும்.”

பொருளுரைப்பி துறை உருவாக்கிய இயந்திரம். படம் முடிந்ததும் பார்த்தவரிடமே அவர் மனம் இன்னதென்று சொல்லும். அடுத்த மாதம் எல்லா வீட்டு இருக்கைகளிலும் வந்துவிடும். சிறந்த கட்டுரைகளைக் கொடுத்துத்தான் அதைப் பழக்குகிறார்கள்.

அவன் கட்டுரை பதினொரு பக்கம். முதல் ஆய்வுக்கு வீட்டு ஆளையே உட்காரவைப்பது துறை வழக்கம். அவன் மனைவி ஜெசிந்தாவை உட்காரவைத்தான். இதே கல்யாணப் படம். அவள் பதிப்பில் திரைச் சட்டகத்தின் இடப்பாதி காலியாக இருந்தது. மணப்பெண் வலது ஓரத்தில் நின்றாள். இடப்புறம் முதலிலிருந்து கடைசிவரை வெள்ளைச் சுவர். அதை ஒன்பது முறை பார்த்தான். அதற்கு முந்தைய வருடம் ஐந்தாம் மாதத்தில் அவர்களுக்கு ஒரு குழந்தை தங்காமல் போயிருந்தது. அந்தக் குழந்தைக்காக அவள் மனம் ஒதுக்கிவைத்த இடம் அது என்று எழுதினான். வாசித்து முடித்ததும் கருத்தரங்கில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவளுக்கும் வாசித்துக் காட்டினான். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“அப்படியாங்க? நான் வேணும்னு ஒண்ணும் விடலயே.”

“வேணும்னு விட்டா அது மனசு இல்ல, ஜெசி.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அழுதாள். அந்த அழுகையை அவன் கட்டுரைக்குக் கிடைத்த சான்றாக எடுத்துக்கொண்டான்.

அதன் பிறகு கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டாள். தட்டின் இடப்பக்கத்துச் சோறு தொடாமல் இருந்தது. “கண்ண ஒரு எட்டு காட்டிட்டு வரட்டா?” என்று ஒருநாள் கேட்டாள். அவன் வாய் திறப்பதற்குள் அவளே, “வேண்டாம், நீங்க எழுதுனதுதான். மனசு ஆறிச்சுன்னா சரியாயிரும்,” என்றாள். அவனும் அப்படியே விட்டுவிட்டான்.

ஐந்து மாதம் கழித்துப் படியில் விழுந்தாள். ஸ்கேன் படத்தை விளக்கில் பிடித்தபடி டாக்டர் கேட்டார்: “இடது பக்கம் பார்வை போய் எவ்வளவு நாளாச்சு?”

“தெரியல சார்,” என்றான். அதைப் பற்றிப் பதினொரு பக்கம் எழுதியவன்.

மூளையின் வலப்புறம் கட்டி. முன்னாலேயே வந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜெசிந்தா அதன்பின் ஏழு வாரம் இருந்தாள்.

இதையெல்லாம் துறைத்தலைவரிடம் நாலைந்து வாக்கியத்தில் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“காரணம் வேற, பொருள் வேற அருளப்பன். கட்டி இருந்தது. சரி. ஏக்கமும் இருந்திருக்கலாம்ல? அது நல்ல வாசிப்பு.”

“நல்ல வாசிப்புதான் மேடம். அதான் அவ நம்பிட்டா.”

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“இது இயந்திரத்துக்குப் போனா, இடப்பக்கம் காலியா இருக்க எல்லார்ட்டயும் இதையேதான் சொல்லும். அவங்களும் டாக்டர்ட்ட போகமாட்டாங்க. நான் திரும்ப வாங்கிக்கிடுதேன்.”

“விதி தெரியும்ல?”

தெரியும். எந்தப் பதிப்பும் ஒரே நாளில் அழிந்துவிடும். ஏற்கப்பட்ட கட்டுரைக்கு ஆதாரமான பதிப்பு மட்டுமே காப்பகத்தில் இருக்கும். கட்டுரை போனால் பதிப்பும் போகும். நோய்க்குறி என்று எழுதிக் கொடுத்தால் மருத்துவ ஆவணத்துக்கு மாற்றுவார்கள். அங்கே படத்தை நீக்கிவிட்டுக் கண் நின்ற புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

“அவங்க பதிப்பு வேற ஏதாச்சும் இருக்கா?”

“இல்ல மேடம். இது ஒண்ணுதான்.”

அவள் புகைப்படங்கள் இருந்தன. போனில் குரல் இருந்தது. அவள் கண்ணால் உருவானது என்று வேறு எதுவும் இல்லை.

“அது போறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துக்கிடுங்க,” என்றார்.

பகுப்பாய்வுக் கூடத்தில் யாரும் இல்லை. பதிப்பு பூட்டப்பட்டிருந்ததால் அவன் கண்ணுக்கு ஏற்ப அது மாறாது. ஒன்பது முறையும் அவன் அந்தச் சுவரையே பார்த்திருந்தான். இந்த முறை அவள் பார்த்ததைப் பார்த்தான். மணப்பெண்ணின் மாமா அறுந்த செருப்புக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் ஒரு நாற்காலிக்காகச் சண்டை போட்டு, கடைசியில் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்தார்கள். சமையல்காரர் பாயசத்தை ருசி பார்க்கிறேன் என்று மூன்றாவது டம்ளரைக் குடித்தார். தெருவுக்கு அப்பால் கப்பல் ஒன்று போனது, சுவர் மறைத்த பாதிக் கப்பல். அவளுக்கு அது பாதியில்லை. அவள் பார்த்தது முழுப்படம். கலகலப்பான படம்.

படம் எப்படியிருந்தது என்று அவளிடம் அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பெயர்கள் ஓடி முடிந்தன. படிவத்தில் ‘நோய்க்குறி’ என்ற கட்டத்தைத் தேர்ந்தான். கட்டைவிரலை வைத்தான். திரையில் மணப்பெண் போனாள், பந்தல் போனது, கப்பல் போனது. சாம்பல் நிறத்தில் புள்ளிகள் நின்றன.

அடுத்த வகுப்புக்காக இசக்கி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்து நின்றாள்.

“என்னண்ணே, எல்லாம் ஒரே பக்கமா கெடக்கு? இவங்களுக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாதோ?”

“ஆமா,” என்றான் அருளப்பன். “தெரியாது.”