நீக்கிலாஸ் மாமாவின் சிவப்புக் குழாய்

"இது தேத்தண்ணியோ, துருப்பிடிச்ச ஆணி அவிச்ச தண்ணியோ?"

"நான் ஆணி அவிச்சதை நீங்கள் கண்டனீங்களோ? முதல்லை நாக்கைக் கழுவிப்போட்டுக் குடியுங்கோ!"

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சூசைதாசனும் அவர் மனைவி பவளராணியும் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டாம் மாடியில் கோப்பைகள் கிலுங்கத் தொடங்கிவிட்டன.

சத்தம் படிக்கட்டு வழியே இறங்கி முதலாம் மாடிக்கு வந்தது. அங்கே விக்ரோரியா அன்ரி தன் வீட்டுக் கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்தார். காற்று வரட்டும் என்றுதான். நவம்பர் மாதத்தில், டென்மார்க் குளிரில்!

"கைக்குழந்தைக்கும் வயிறு சரியில்லை. மூண்டு மாசமாய்ப் பார்க்கிறன், இந்த வீட்டுத் தண்ணி எங்களுக்கு ஒத்துவரேல்லை" என்றார் சூசைதாசன். "என்ர கூட்டாளி குருசுமுத்து கடிதம் போட்டிருக்கிறான். ஹ்விடோவ்ரே எண்ட ஊரிலை அவன்ர கட்டடத்திலை ஒரு வீடு காலியாம். நத்தார்ப் பண்டிகைக்கு முதல் போயிடுவம்."

மகள் மேரிசெலினின் கையில் இருந்த பாண் துண்டு அப்படியே நின்றுவிட்டது.

"அப்பா, திரும்பவும் போறதோ?"

"தண்ணி கூடாத இடத்திலை எப்பிடியம்மா இருக்கிறது?"

குசினிக்குள் இருந்து நீக்கிலாஸ் மாமா எட்டிப் பார்த்தார். அவர் பவளராணியின் தம்பி. கையில் அகப்பை, தோளில் துவாய்.

"அத்தான் சொல்லுறது சரி. தண்ணியிலைதான் பிழை. நான் காய்ச்சி, ஆறவைச்சு, துணியிலை வடிச்சுத் தாறன். அதுக்கு மேலை மனுசன் என்ன செய்யிறது?"

நீக்கிலாஸ் மாமாவுக்கு முன்னால் தண்ணீரைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. அவர் ஆறு வருடம் குவைத்தில் வேலை செய்தவர். மழையே பெய்யாத பாலைவன நகரத்தில் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியவர். சும்மாவா?

அதனால் ரண்டர்ஸ் நகரத்து இந்த வீட்டுக்கு எல்லோரும் குடிவந்த முதல் நாளே தண்ணீர் இலாகாவை அவர் எடுத்துக்கொண்டார். மற்ற யாரும் குடிதண்ணீர் பிடிக்கக் கூடாது. தினமும் பின்னேரம் ஒரு பெரிய பானை நிறையத் தண்ணீர் கொதிக்கும். பிறகு அதை இறக்கிக் குசினித் தரையில் ஆற வைப்பார். தேத்தண்ணி, சோறு, குழந்தை யூட்டின் பால்மா எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான்.

செலின் எழுந்து போய்த் தன் கட்டிலில் குப்புறப் படுத்தாள்.

அவளுக்குப் பத்து வயது. இந்த ஒன்றரை வருடத்தில் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். முதல் இரண்டிலும் அவள் தன் குளிர்ச்சட்டையை மற்றவர்களின் கொக்கியில்தான் மாட்டினாள். இங்கேதான் சுவரில் அவளுக்கென்று ஒரு கொக்கி கிடைத்தது. அதற்கு மேலே அவள் பெயரும் ஒரு நீலத் திமிங்கிலமும். பெயரை எழுதியது ஆசிரியை. திமிங்கிலத்தை வரைந்தது பக்கத்துக் கொக்கிக்காரி மெத்தெ. அது திமிங்கிலமா, கத்தரிக்காயா என்று இன்னும் இரண்டு பேரும் வாதாடுகிறார்கள்.

அந்தக் கொக்கியை ஹ்விடோவ்ரேக்குக் கழற்றிக்கொண்டு போக முடியுமா?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை விக்ரோரியா அன்ரி படியிலேயே மறித்தார். அவர் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தைப்பவர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊர்க் கதைகளை விசாரிக்க அவருக்கு வேண்டிய நேரம் இருந்தது.

"ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்குது? வா, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. நேற்று உங்கட வீட்டிலை ஏதோ விழுந்து உடைஞ்ச மாதிரிக் கேட்டுது."

"ஒண்டும் உடையேல்லை அன்ரி. அப்பாவும் அம்மாவும் கதைச்சவை."

"ஓ, கதைச்சவையோ!" என்றார் அன்ரி. சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு!

செலின் ஒரு மிடறு குடித்தாள். இன்னொரு மிடறு குடித்தாள். பிறகு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அன்ரி, இதிலை ஆணி ருசி இல்லையே! என்ன தண்ணி இது?"

"என்ன தண்ணியெண்டால்? பைப்பிலை வாற தண்ணிதான். பிடிச்சுக் கேத்தலிலை ஊத்தினன்."

"எங்கட வீட்டிலையும் பைப்பிலை வாற தண்ணிதானே!"

ஒரே கட்டடம். ஒரே தெரு. கீழே நல்ல தண்ணீர், மேலே கெட்ட தண்ணீரா? படியேறும்போது தண்ணீர் கெட்டுப்போகுமா என்ன? குழந்தையைப் பார்க்க மாதம் ஒருமுறை வரும் தாதிகூட, "தண்ணீர் நல்லது, பயப்படாமல் குடிக்கலாம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு மாமா, "பாவம், அந்தப் பிள்ளை பாலைவனத்தைப் பார்த்திருக்காது" என்று சொல்லிச் சிரித்தது தனிக் கதை.

அன்று பின்னேரம் செலின் குசினி வாசலில் நின்று, மாமா தண்ணீர் பிடிப்பதை முதல் தடவையாக உற்றுப் பார்த்தாள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இரண்டு குழாய்கள் இருந்தன. ஒன்றில் நீலப் பொட்டு, மற்றதில் சிவப்புப் பொட்டு. மாமாவின் கை நேராகச் சிவப்புக்குப் போனது. ஆவி பறக்கப் பானை நிறைந்தது.

"மாமா, ஏன் சிவப்பைத் திறக்கிறியள்?"

"அதுதான் தொழில் ரகசியம்" என்றார் மாமா. "குவைத்திலை நாங்கள் இருந்த கட்டடத்துக் கூரையிலை ஒரு தண்ணித் தாங்கி. மூடி பறந்து போச்சு. புறா குளிக்கும், மணல் விழும். நீலப் பைப்பைத் திறந்தால் புறா இறகோடை வரும். சிவப்புத் தண்ணி அப்பிடியில்லை. ஹீட்டருக்குள்ளாலை வாறது. மணல் அடியிலை தங்கியிடும், பாதி காய்ச்சின மாதிரி. வெய்யில் காலத்திலை இன்னும் விசேசம். கூரைத் தாங்கி கொதிக்கும். வீட்டுக்குள்ளை இருக்கிற ஹீட்டரை நிப்பாட்டி வைச்சால் சிவப்பிலைதான் குளிர்ந்த தண்ணி வரும்!"

செலின் சாளரம் வழியே வெளியே பார்த்தாள். மழை. நேற்றும் மழை.

"மாமா, இஞ்சை கூரையிலை தாங்கி இருக்குதோ?"

"இல்லாமல்? தண்ணி பின்னை எங்கையிருந்து வரும்?" என்றபடி மாமா கொதித்த பானையை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, வடிதுணி எடுக்க உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து யூட் குசினிக்குள் நுழைந்தான். தவழப் பழகி நாலு நாள்தான் ஆகிறது. ஆவி விடும் பானையைக் கண்டதும் அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். இரண்டு கைகளையும் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டு நேரே அதை நோக்கிப் புறப்பட்டான்.

செலின் பாய்ந்து அவன் காற்சட்டையைப் பிடித்து இழுத்துத் தூக்கினாள். யூட்டோ விளையாட்டுக் கெட்டுப்போன கோபத்தில் வீடே அதிரக் கத்தினான்.

"ஐயோ!" ஓடிவந்த மாமாவின் கையிலிருந்து துணி விழுந்தது. "சுட்டதோ? பிள்ளைக்குச் சுட்டதோ?"

"இல்லை மாமா. தொடேல்லை."

மாமா பானையை அடுப்பின் பின்பக்கத்தில் தூக்கி வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் செலின் யோசித்துக்கொண்டிருந்தாள். தாதி எந்தக் குழாய் என்று சொல்லவில்லை. சுடுதண்ணீர்க் குழாயில் குடிதண்ணீர் பிடிப்பார்கள் என்று தாதிக்குக் கனவிலும் தோன்றியிருக்காது. குளிர்ந்த குழாயில் பிடிப்பார்கள் என்று மாமாவுக்கும் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொல்லலாம். ஆனால் அப்பா சும்மா இருப்பாரா? அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "எங்கட தண்ணி எஞ்சினியரைக் கேட்டீங்களோ?" என்று தொடங்கிவிடுவார். மாமாவுக்கு இங்கே இன்னும் வேலை கிடைக்கவில்லை. காலையில் டேனிஷ் வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துப் போவார். இந்த நாட்டில் அவர் தலை நிமிர்ந்து செய்கிற ஒரே வேலை அந்தப் பானைதான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவள் மேசையில் மூன்று கிளாஸ்களை வரிசையாக வைத்தாள். மூன்றும் ஒரே அளவு, ஒரே குளிர்.

"மாமா, தண்ணியைப் பற்றி உங்களுக்குத்தானே தெரியும்? நீங்கள்தான் நீதவான். கண்ணை மூடிக்கொண்டு குடிச்சுப் பாருங்கோ."

மாமாவுக்கு உச்சி குளிர்ந்தது. தலைமயிரைத் தடவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கிளாஸைக் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இது எங்கட பானைத் தண்ணி. தெரிஞ்ச ருசி."

இரண்டாவதைக் குடித்தார். நின்றார். மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்தார். மூன்றாவதும் அப்படியே காலியானது.

"பிள்ளை, இதுகள் கடைத் தண்ணி. குவைத்திலை முதலாளிமார் போத்தலிலை வாங்கிக் குடிக்கிற சாதி. ஆரிட்டை வாங்கினனீ?"

"கண்ணைத் திறவுங்கோ. இரண்டாவது, விக்ரோரியா அன்ரியின்ர பைப் தண்ணி. மூண்டாவது, எங்கட நீலப் பைப்புத் தண்ணி."

மாமா நீலப் பொட்டைப் பார்த்தார். சிவப்புப் பொட்டைப் பார்த்தார். காலிக் கிளாஸைப் பார்த்தார்.

"புறா?" என்றார் மெதுவாக.

"வாங்கோ, கேட்டுப் பார்ப்பம்."

கட்டடத்தைப் பராமரிக்கிற ஹோல்கர் கீழே சைக்கிள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கூரையில் தாங்கி உண்டா, சிவப்புக் குழாயில் குடிக்கலாமா என்று செலின் டேனிஷில் கேட்டாள். அவர் புருவம் உயர்ந்தது. இருவரையும் நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்னால் இன்னொரு காலடிச் சத்தமும் கேட்டது. விக்ரோரியா அன்ரிக்குத் திடீரென்று நிலவறையில் ஏதோ வேலை வந்துவிட்டது.

அங்கே ஆளுயர இரும்புத் தாங்கி ஒன்று நின்றது. கட்டடத்துச் சுடுதண்ணீர் முழுவதும் அதிலிருந்துதான் மேலே போகிறது. ஹோல்கர் அதன் அடியில் வாளியை வைத்துக் குழாயைத் திறந்தார். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்து விழுந்தது.

"கழுவ நல்லது, குளிக்க நல்லது. குடிக்கக் கூடாது" என்றார். "பழைய தாங்கி, பழைய செப்புக் குழாய், சூடு எல்லாம் சேர்ந்து தண்ணீரின் ருசியைக் கெடுக்கும். குழந்தைகளின் வயிற்றையும் கெடுக்கும். குளிர்ந்த தண்ணீர் நிலத்துக்கடியிலிருந்து நேரே வருகிறது. குளிரும்வரை கொஞ்சம் ஓடவிட்டுக் குடியுங்கள்."

செலின் மொழிபெயர்த்துச் சொன்னாள். மாமா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கூரையிலை தாங்கி இல்லையாமோ?"

"இல்லையாம் மாமா."

"புறா?"

"புறா இருக்குதாம். ஆனால் அதுக்கும் தண்ணிக்கும் தொடர்பில்லையாம்."

முதலில் சிரித்தது விக்ரோரியா அன்ரி. பிறகு ஹோல்கர், எதற்கென்று தெரியாமலே. கடைசியில் மாமாவும்.

அன்று பொழுதுபடச் சூசைதாசன் வேலை முடிந்து வந்து தேத்தண்ணியை வாயில் வைத்தார். திட்டுவதற்கு ஆயத்தமாய்த் திறந்த வாய் அப்படியே நின்றது.

"பவளராணி! இது என்ன தேத்தண்ணி?"

"ஏன், இண்டைக்கு என்ன ஆணியாம்?"

"ஆணியோ? இப்பிடி ஒரு தேத்தண்ணி நான் ஊரை விட்டு வந்தாப் பிறகு குடிக்கேல்லை! ஆர் என்ன செய்தது?"

செலின் குனிந்து பாணுக்குப் பட்டர் பூசினாள். "மாமாதான் தண்ணியிலை பிழை கண்டுபிடிச்சவர்."

மாமா ஒருமுறை செருமினார். இரண்டாம் முறையும் செருமினார்.

"மூண்டு கிளாஸ் வைச்சது பிள்ளை" என்றார். "குடிச்சதுதான் நான். மூண்டு மாசமாய் ஆணி அவிச்சதும் நான்தான். அத்தான், இனிப் பகிடி பண்ணுங்கோ."

சூசைதாசன் பகிடி பண்ணத்தான் வாயெடுத்தார். பவளராணி ஒரு பார்வை பார்த்தார். சூசைதாசன் தேத்தண்ணியைக் குடித்தார்.

அடுத்த வாரத்துக்குள் யூட்டின் வயிறு சரியாகிவிட்டது. யூட்டின் பாலுக்கு மட்டும் நீலத் தண்ணீர் ஒரு சின்னக் கேத்தலில் கொதித்தது. பெரிய பானை அலுமாரிக்கு மேலே ஏறியது. குருசுமுத்துவுக்கு, "நாங்கள் வரவில்லை, தண்ணீர் சரியாகிவிட்டது" என்று கடிதம் போனது. அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் அதற்கடுத்த வருடம் அவரே ஹ்விடோவ்ரேயை விட்டு வைலே நகரத்துக்குக் குடிபோனார். போகுமுன், அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டு மாமாவுக்கு ஒரு கடிதம் போட்டார்!

செலின் எங்கும் போகவில்லை. ஏழாம் வகுப்பு முடியும்வரை அவள் குளிர்ச்சட்டை அந்தத் திமிங்கிலத்துக்குக் கீழேதான் தொங்கியது. அல்லது கத்தரிக்காய்க்குக் கீழே. மெத்தெயின் குடும்பம்தான் பிறகு வேறு ஊருக்குப் போனது. வாதம் கடிதத்தில் தொடர்ந்தது.

அந்த நிலவறைச் சிரிப்பு அத்தோடு நிற்கவில்லை என்பது அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், மாமாவைத் தவிர. அவருக்குத் தெரிய ஒன்றரை வருடம் எடுத்தது. பிறகு கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, நீக்கிலாஸ் மாமாவுக்கும் விக்ரோரியா அன்ரிக்கும் கல்யாணம் நடந்தது. மாமா ஒரு பெட்டியோடும் அந்தப் பெரிய பானையோடும் ஒரு மாடி கீழே குடிபோனார்.

விக்ரோரியா மாமி கீழ் வீட்டுக் குசினியின் சிவப்புக் குழாயில் தன் கையால் தைத்த ஒரு கையுறையை மாட்டிவிட்டார். பழக்கத்தில் மாமா கை நீட்டும்போதெல்லாம், அந்தக் கையுறை அவருக்கு முதலில் கைகொடுக்கும்.