நாலு நல்ல பற்கள்

அன்று காலை அனுஷாவுக்கு நாலு பல் பிடுங்குவதாக இருந்தது. நாலில் ஒன்றுகூடச் சொத்தை இல்லை. எல்லாம் கல் மாதிரி உறுதியான பற்கள். இது என்ன அநியாயம்!

அவளுடைய முன்பற்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்துக்கு இரண்டாக நாலு பல்லை எடுத்து இடம் உண்டாக்கி, கம்பி கட்டி, முன்பற்களை உள்ளே இழுப்பதுதான் வைத்தியம். பள்ளியில் அவளைத் 'தேங்காய்த் துருவி' என்று கேலி செய்வார்கள். அதற்கும் அவள் விழுந்து விழுந்துதான் சிரிப்பாள். அவளுடைய கவலை வேறு.

அது அம்மாவின் பல்வரிசை. அம்மா இறந்து நாலு வருடமாகிறது. போட்டோக்களில் எல்லாம் அம்மா உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். அப்போது கைக்குழந்தையாக இருந்த தம்பி லிங்கராஜுக்கு அம்மாவின் முகமே நினைவில்லை.

"யக்கா, அம்மை எப்படிச் சிரிப்பா?" என்று அவன் கேட்பான். அனுஷா சிரித்துக் காட்டுவாள். அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். இனிமேல் எதைக் காட்டுவது?

அப்பா தளவாய்க்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை. அம்மா போன பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. கடையைப் பூட்டிவிட்டு, தம்பானூரில் இருந்த பல் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிவந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் அனுஷா கேட்டாள்: "டாக்டரம்மா, பல்லை எடுத்தா என் முகம் மாறிடுமா?"

டாக்டர் ரத்னாபாய் பொய் சொல்லவில்லை. "கண்ணும் மூக்கும் அப்படியேதான் இருக்கும் மோளே. பல்லு உள்ள போகும்போ உதடும் கொஞ்சம் உள்ள போகும். எல்லாருக்கும் ஒருபோல இல்ல. ஆனா சிரிப்பு மாறும்."

"எடுக்கலைன்னா?"

"உனக்கு ஆபத்து ஒண்ணும் இல்ல. பெரியவளானப்புறம் வேணும்னு தோணினா அப்பவும் செய்யலாம்."

"இல்ல, இன்னைக்கே செய்யணும்," என்றார் அப்பா. "இவ அம்மைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்ன வாக்குப்பா?" அனுஷாவுக்கு இது புதுச் செய்தி.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கடைசியா அவ சொன்னது இதுதான். 'நான் ஆயுசு பூரா வாயைப் பொத்திக்கிட்டே சிரிச்சேன். எம்புள்ளையும் அப்படிச் சிரிக்கும்படி விட்டுராதீங்க'ன்னா."

பாவம் அம்மா. அனுஷா மெதுவாகக் கேட்டாள்: "யப்பா, நான் எப்பமாவது வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சிருக்கேனா?"

அப்பா யோசித்தார். வீட்டில், கடையில், தெருவில், எங்கே தேடியும் அப்படி ஒருநாள் அகப்படவில்லை.

"இல்ல மக்கா," என்றார். பிறகு எழுந்து, "டாக்டரம்மா, நாங்க வாரோம்," என்றார்.

வாசலைத் தாண்டியதும் அவர் அழுதார். நடுத்தெரு என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு அழுதார். அம்மா இறந்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை. அனுஷா அவர் கையை விடவே இல்லை.

வீட்டு வாசலில் லிங்கராஜ் காத்திருந்தான். ஓடிவந்து, முதல் வேலையாக அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். எல்லாப் பல்லும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருந்தன.