மஞ்சள் காப்பு

தாரணியின் இடது மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு காப்பு இருந்தது. அது மஞ்சளாக ஒளிர்ந்துகொண்டிருந்ததால்தான் அவளுடைய வளைகாப்பில் வளையல் போட ஒருத்தியும் எழுந்து வரவில்லை.

காங்கேயத்தில் ஒரு மண்டபம். ஒன்பதாம் மாதம். நல்ல நேரம் முடிய நாற்பது நிமிடம் இருந்தது. தட்டு நிறையக் கண்ணாடி வளையல், பக்கத்தில் சந்தனக் கிண்ணம், கிண்ணத்துக்குள் புத்தம் புதிய கரண்டி. சந்தனம் பூசக் கரண்டி எதற்கென்று தாரணிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காதெல்லாம் சூடானது.

ஈரல்காப்பு புழக்கத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. கர்ப்பம் உறுதியானதும் நர்ஸ் வீட்டுக்கே வந்து மாட்டிவிடுவார். உள்பக்கத்து நுண்முட்கள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் வலிக்காமல் துளி ரத்தம் எடுத்து, ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா, எத்தனை இருக்கிறது, ஈரல் எப்படி இருக்கிறது என்று பார்த்துத் தாய்க்கணிக்கு அனுப்பும். தாய்க்கணி என்பது மாநிலத்துக் கர்ப்பிணிகள் அத்தனை பேரையும் கவனிக்கும் பெருங்கணினி. கிருமி இல்லாவிட்டால் காப்பு பச்சை. இருந்தால் மஞ்சள். கிருமி எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டினால் சிவப்பு, மாத்திரை ஆரம்பிக்க வேண்டும். குழந்தை பிறந்த பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அதற்கு இரண்டு ஊசி போட்டாக வேண்டும் என்பதால், பிரசவ அறையில் யார் கண்ணிலும் படும்படி நிறத்தை வெளியே வைத்தார்கள். நல்ல இயந்திரம்தான். பிரசவ அறைக்கு வெளியேயும் மனிதர்களுக்குக் கண் உண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

மஞ்சள் மங்கலமான நிறம் என்று சென்னையில் ஒரு குழு உட்கார்ந்து பேசி முடிவு செய்ததாம். ஊருக்கு அதில் மங்கலம் தெரியவில்லை, காமாலைதான் தெரிந்தது. தொட்டால் ஒட்டும் என்றார்கள். தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்தார்கள். டீக்கடையில், "அந்தப் புள்ளைக்குக் காப்பு மாட்டீட்டாங்களாமா" என்று, ஏதோ போலீஸ் விலங்கு மாட்டியதுபோலச் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறந்தபோதே அம்மாவிடமிருந்து தொற்றியிருக்கும் என்று டாக்டர் தாரணியிடம் சொல்லியிருந்தார். அம்மா இவள் பள்ளியில் படிக்கும்போதே ஈரல் கெட்டுச் செத்துப்போனாள். யாரும் எதையும் சோதித்துப் பார்க்காத காலம் அது. தாரணிக்கு ஏழாம் மாதம் காப்பு சிவந்தது. ஒரு நாள் தவறாமல் மாத்திரை போட்டாள். இப்போது எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குள் வந்துவிட்டது. அதைப் பாராட்டத்தான் மண்டபத்தில் ஆளில்லை.

மாமியார் கலாமணிக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. "தட்ட அவ மடியில வெச்சிருங்க, அவளே போட்டுக்கட்டும்" என்றாள். "இன்னொண்ணும் எல்லாரும் இருக்கறப்பவே சொல்லீறேன். பால் டப்பா வாங்கி வெச்சாச்சு. இவ பால் குடுக்கப் போறதில்ல. நீ பெத்துக் குடு கண்ணு, அது போதும்."

தனித் தட்டைப் பொறுத்தவள், கரண்டியையும் பொறுத்தவள், இதைப் பொறுக்கவில்லை. வயிற்றைப் பிடித்தபடி எழுந்து நின்றாள்.

"டாக்டர் சொன்னப்ப நீங்களுந்தான அத்தை கூட இருந்தீங்க? பொறந்ததும் ஊசி போட்டாப் பால் குடுக்கலாம். பால்ல இது பரவாது. எட்டு வருசமாப் பால் சொசைட்டில பாலச் சோதிக்கறதுதான் எம்பட வேல. எம்பட பாலப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். எம்பட புள்ளைக்கு நாந்தான் குடுப்பேன்."

"குடுப்பியா? எங்க வம்சத்துலயே இந்த நோய் கெடையாது. சுத்தமான ரத்தம்!" கலாமணி முந்தானையை இழுத்துச் செருகினாள். மூன்றாவது வரிசையில் இருந்த நர்ஸ் ரெஜினாவை அவள் கண் தேடிப் பிடித்தது. "ரெஜினா, உம்பட பையில புதுக் காப்பு இருக்குதல்ல? எனக்கு ஒண்ணு மாட்டு. பச்சைன்னா எப்படி இருக்கும்னு இவ ஒருக்காப் பாக்கட்டும்."

"அக்கா, இது மாசமா இருக்கறவங்களுக்கு மட்டுந்தான். மாட்டினா உடனே பதிவாயிரும். அப்பறம் மேல எனக்குத்தான் திட்டு விழும்."

"வேண்டாங்க அத்தை" என்றாள் தாரணி. "இது எல்லாருக்கும் நெறத்தக் காட்டிரும். என்னைய யாருங் கேக்காம மாட்டினாங்க. நீங்க யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்குது? மாட்டு!"

காப்பு மணிக்கட்டில் சுருங்கிப் பிடித்தது. இருபது நொடி ஆனது. பிறகு அதற்குள்ளிருந்து தாய்க்கணி தன் செந்தமிழில் பேசியது. "வாழ்த்துகள், தாயே! உங்கள் கர்ப்பம் பதிவு செய்யப்பட்டது."

ஐம்பத்தாறு வயதுக் கலாமணியைப் பார்த்து மண்டபமே சிரித்தது. நிறம் வந்ததும் சிரிப்பு நின்றது.

மஞ்சள்.

கலாமணி கையை உதறினாள். காப்பைத் தட்டிப் பார்த்தாள். "கெட்டுப்போன சாமான்" என்று கழற்றச் சொல்லி, இன்னொன்றை வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள். அதுவும் வாழ்த்தியது. அதுவும் மஞ்சள். பக்கத்தில் இருந்த சொந்தக்காரி ஒருத்தி நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டாள். அந்தச் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ரெண்டரை வருசம் நிதினுக்குப் பால் குடுத்தேனே..." கலாமணியின் குரல் முதல் தடவையாக முன்வரிசையைத் தாண்டவில்லை.

நிதின், அவள் மகன், தாரணியின் கணவன். அதுவரை வாயைத் திறக்காமல் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் எலுமிச்சைச் சாதத்துக்குக் காவல் நின்றவன், இப்போதாவது முன்னால் வந்தானே, அதைச் சொல்ல வேண்டும். கையை நீட்டினான். "எனக்கும் மாட்டுங்க."

"வாழ்த்துகள், தாயே!" என்றது தாய்க்கணி.

பச்சை.

"ரெண்டரை வருசம் உங்க பால் குடிச்சவரு கை, பாத்துக்குங்க அத்தை" என்றாள் தாரணி. ஒரே ஒரு சோதனை மாதிரியை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்பது சோதனைக்காரியான அவளுக்குத் தெரியும். டாக்டர் சொல்லி எடுபடாத இடத்தில் ஒரு மாதிரியாவது எடுபடட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் நினைத்திருந்தால் அந்த நொடியில் மாமியாரை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கலாம். வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. அதற்குள் அந்த நகர்ந்த நாற்காலி கண்ணில் பட்டது. கோபம் அந்தப் பக்கம் திரும்பியது. கிண்ணத்திலிருந்த கரண்டியை எடுத்து மேடைக்குக் கீழே வீசினாள். சந்தனத்தை விரலால் எடுத்து, கலாமணியின் மஞ்சள் காப்புக்கு மேலே அழுத்தித் தடவினாள்.

"தொட்டா ஒட்டாதுங்க அத்தை. உங்களையே நீங்க பயந்து ஒதுக்கிக்காதீங்க. வளையலப் போடுங்க."

கலாமணி வளையலை எடுத்து மருமகளின் கையில் அழுத்தினாள். முதல் வளையல் உடைந்தது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதும் ஏறியபோது அவளுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"கரண்டி போட்டுச் சந்தனம் பூசறதாம்! யாரு பண்ணுன வேலை இது?" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். அது அவளே செய்த வேலைதான். யாரும் ஞாபகப்படுத்தவில்லை. "சேரைத் தள்ளிப் போட்டவங்கெல்லாம் சாப்பிடப் போலாம். மத்தவங்க வாங்க. காப்புக்குக் கை நீட்டறவங்க நீட்டலாம், கட்டாயமில்ல. ஆனாச் சோதிக்காத கை எதுவும் சுத்தம்னு இனி இங்க பேசக் கூடாது!"

பாதிக் கூட்டம் சாப்பிடப் போனது. மீதி வந்தது. ஒவ்வொருத்தியும் சந்தனத்தை விரலால் தொட்டாள். எட்டுப் பேர் காப்பும் கேட்டார்கள். அதில் ஒன்று மஞ்சளானது. அந்தப் பெண் அழவில்லை. "நாலு வருசமா எனக்குச் சந்தேகந்தானுங்க்கா" என்று ரெஜினாவிடம் சொன்னாள். பை காலியானது.

மறுவாரம் ரெஜினா ஓர் உத்தரவோடு வந்தார். ஒரே மண்டபத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பத்துக் கர்ப்பம், அதில் ஒருவர் ஆண், ஒருவருக்கு எழுபத்தொரு வயது. தாய்க்கணி குழம்பிப்போய் மேலதிகாரிகளை எழுப்பிவிட்டிருந்தது. காப்புகளைத் திரும்ப வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள்.

"கழட்டிட்டா எம்பட ஈரல யாரு பாப்பாங்க?" என்றாள் கலாமணி.

"உங்க வயசுக்குத் திட்டம் எதுவும் இல்லீங்க்கா. மாசமா இருந்தாத்தான் இந்தக் காப்பு."

"புள்ளைக்கு வந்துருமேன்னுதான் பொம்பளையச் சோதிப்பாங்களா? பொம்பளைக்குன்னு ஈரல் கெடையாதா?" கலாமணி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அப்ப நான் மாசமாவே இருக்கறேன். போயிச் சொல்லு."

மற்ற ஒன்பது பேரும் அதையேதான் சொல்லி அனுப்பினார்கள். அழிக்கவும் வழியில்லை. தாய்க்கணியில் ஒரு பதிவை மூட வேண்டுமானால் பிரசவத் தேதி கேட்கும்.

தாரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் மணி நேரத்திலேயே இரண்டு ஊசியும் போட்டார்கள். இரண்டாவது மணி நேரத்தில் அது அம்மாவிடம் பால் குடித்தது. டப்பாக்கள் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தன.

மூன்றாம் மாதம் ஒரு காலை, குடித்து முடித்த பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள் கலாமணி. மஞ்சள் காப்பு பேசியது.

"தாயே, குழந்தை அசைகிறதா?"

குழந்தை காலை ஓங்கிக் காப்பின் மேலேயே ஓர் உதை விட்டது.

"நல்லா ஒதைக்குது" என்றாள் கலாமணி. "எழுதிக்க. இப்ப எம்பட ஈரலப் பத்திச் சொல்லு."