பின்னால், இடப்பக்கம்

லிங்கேஸ்வரன் காரை நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. கோலசிலாங்கூரைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்குள் இரண்டு கிலோமீட்டர் போனால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்தப் பழைய லயம் வரும். பன்னிரண்டு வீடுகளில் இப்போது ஆள் இருப்பது மூன்றில்தான். கடைசி வீடு அவன் அக்கா புஷ்பாவுடையது. அக்கா போய் நாளையோடு ஒரு வருஷம்.

காரில் கணினியும் ஐந்து ஸ்பீக்கர்களும் இருந்தன. தெவசத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்கு அக்காவின் வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது தங்கை விமலாவின் ஆசை. சுங்கை பெசாரில் வாழ்க்கைப்பட்டவள். "ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வீடியோ எடுக்கிறியேண்ணே, அக்காவுக்கு ஒண்ணு செய்ய மாட்டியா?" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் ஏது?

கதவைத் திறந்ததும் கோடாலித் தைல வாசனை குப்பென்று அடித்தது. அக்கா ராத்திரி பகல் பாராமல் நெற்றியில் தடவிக்கொள்கிற தைலம். அந்தப் புட்டிகளை விமலா போன வருஷமே அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டாள். வீடு பூட்டிக் கிடந்ததால் பழைய வாசனை தங்கிவிட்டது போலும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேசையைப் பழைய இடத்திலேயே போட்டான். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு. பின்னால் இடப்பக்கம் வைத்ததற்கு நேர் பின்னே ஒரு குட்டை நடை, அதன் முடிவில் குளியலறை. அந்தப் பக்கம் அவன் திரும்பவேயில்லை.

திரையில் ஒரு சதுரம். நடுவில் நாற்காலிப் படம், அதுதான் கேட்கிறவன். ஒவ்வொரு சத்தமும் ஒரு புள்ளி. புள்ளியை மவுஸால் பிடித்து எந்த மூலையில் விடுகிறோமோ, சத்தம் அந்த மூலையிலிருந்து வரும். சின்னப் பிள்ளை விளையாட்டுதான். அந்த விளையாட்டுதான் அவன் அக்காவைக் கொன்றது.

போன வருஷம் அக்கா போன அன்றும் இதே நாற்காலி. விமலாவின் கல்யாணக் கேசட்டைக் கணினியில் ஏற்றி, சத்தம் பிரித்துக்கொண்டிருந்தான். அதில் அக்கா பந்தல் முழுக்க இவனைத் தேடி, "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டுக்கொண்டே போவாள். அந்தக் குரலைப் பிடித்து இடப்பக்கப் பின் மூலையில் வைத்தான். அக்கா முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவது போலவே இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டு ரசித்தான்.

மணி மூன்று பத்துக்கு, "தம்பி" என்றது.

அட, அசல் மாதிரியே இருக்கிறதே என்று மெச்சிக்கொண்டான்.

மறுபடி, "தம்பி" என்றது. கொஞ்சம் எதிரொலி சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தான்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் திரையைப் பார்த்தான். மேளச் சத்தத்தைச் சரிபார்க்க, அக்காவின் குரலை அவன் எப்போதோ அணைத்து வைத்திருந்தான். அவள் குரலைக் காட்டும் பச்சைக் கோடு அசையாமல் கிடந்தது. குரல் கணினியிலிருந்து வரவில்லை.

முதல் இரண்டு தடவை தெரியாமல் நடந்தது. யாராக இருந்தாலும் மன்னிப்பார்கள். மூன்றாவது தடவைக்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? "இரு அக்கா, வரேன்" என்று சத்தம் கொடுத்துவிட்டு மேளத்தைச் சரிசெய்ய உட்கார்ந்துவிட்டான். சாப்பிடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைப்பு. எழுந்து போனபோது மணி நாலு ஆகப் போகிறது. குளியலறை வழுக்கி, தலை தொட்டியில் மோதி, அக்கா ஈரத் தரையில் கிடந்தாள். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

விமலாவிடம், "நான் செகிஞ்சானுக்கு மீன் வாங்கப் போயிட்டேம்மா. வந்து பார்த்தா இப்படிக் கிடக்கிறா" என்று போனில் அழுதான். அழுகை நிஜம். மீன் பொய். தாய் இல்லாத இரண்டு பேரையும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்த்தவள் அக்கா. உண்மை தெரிந்தால் விமலா ஜென்மத்துக்கும் முகத்தில் விழிக்க மாட்டாள். அவனுக்கு மிச்சமிருக்கிற ஒரே உறவும் போய்விடும்.

இப்போது மணி மூன்று எட்டு. வீடியோவிலிருந்து அக்கா கூப்பிடுகிற துண்டுகளை ஒன்று விடாமல் வெட்டி எறிந்தான்.

"தம்பி."

பச்சைக் கோடு அசையவில்லை.

"தம்பி."

இடப்பக்கம் பின்னால். ஈரத் தொண்டையோடு.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோட்டத்தில் கரண்டு இல்லாத காலத்தில் அக்கா சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. "பேரு சொல்லிக் கூப்பிட்டா ஒடனே ஏன்னு கேக்காதடா. பேய் ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவது தடவயும் கூப்பிட்டாத்தான் மனுஷன். அப்பப் பதில் சொல்லு."

மூன்றாவது குரல் வரவில்லை.

அந்த ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினான். தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினான். அன்று ராத்திரி ரவாங்கில் தன் வீட்டுக்கே திரும்பிப் போய்ப் படுத்தான்.

மறுநாள் படையல் முடிய மதியம் இரண்டரை ஆகிவிட்டது. இருபது பேர் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நாலு ஸ்பீக்கர்தான் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. விமலா முன்வரிசையில், முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் ஓடியது. மேளம் முழங்கியது. பந்தலில் இளவயது அக்கா பூத்தட்டோடு ஓடினாள்.

"தம்பி!"

கூடமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஒரே ஆரவாரம்.

"யப்பா, உண்மையிலேயே பின்னாலேர்ந்து கூப்பிடற மாதிரியில்ல இருக்கு!" என்றார் தங்கராஜு மாமா. "கெட்டிக்காரன்லா நம்ம லிங்கு!"

"தம்பி!"

"அதே குரலு மாமா," என்று விமலா விசும்பினாள். "அண்ணே, எப்படிண்ணே இத செஞ்ச?"

அத்தனை பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். போன வருஷம் அவன் ஏமாந்தது போலவே அவர்களும் ஏமாந்தார்கள். இரண்டு தடவை ஆகிவிட்டது, இனிக் கூப்பிட மாட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

"தம்பி... விழுந்துட்டேன்டா."

சிரிப்பு நின்றது.

அவன் வாய் தானாகத் திறந்தது. "இரு அக்கா, வரேன்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. படம் முடிந்து திரை கறுத்தது. நடையிலிருந்து ஈரக் காற்று வந்தது.

விமலா மெதுவாக எழுந்தாள். "யாருக்குண்ணே பதில் சொன்ன?"

அவன் கண் குளியலறை நடைப் பக்கம் போனதை விமலா பார்த்தாள்.

"அன்னிக்கி நீ வீட்லயா இருந்த?"

"இருந்தேன்."

"அக்கா கூப்பிட்டாளா?"

"மூணு தடவ கூப்பிட்டா."

"நீ?"

"வரேன்னு சொன்னேன், விமலா."

"போகல."

"போகல."

அவள் அழவில்லை, கத்தவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. அவன் சாப்பிட்டுவிட்டு வைத்திருந்த வாழையிலையை அவளே எடுத்து, வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். "மீனு வாங்கப் போனேன்னு சொன்னியே. ஒரு வருஷமா, ஐயோ எங்கண்ணன் வீட்ல இல்லாமப் போனானேன்னு உனக்காக அழுதேன். இனி எனக்கு அண்ணன் கிடையாது. போ."

தங்கராஜு மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஸ்பீக்கர்களை எடுக்கக்கூட அவன் நிற்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. அவன் கூப்பிட்டால் விமலா போனை எடுப்பதில்லை. காரிலிருந்த அந்த ஒற்றை ஸ்பீக்கரை ரவாங்கில் ஒரு பழைய சாமான் கடையில் சும்மாவே கொடுத்துவிட்டான்.

வார நாட்களில் அவன் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் இரும்புத் தகடு அடிக்கிற இயந்திரங்கள் காதைப் பிளக்கும். எல்லாரும் காதை மூடும் கவசம் மாட்டிக்கொண்டு, கைச் சைகையில்தான் பேசுவார்கள். அங்கே எந்தக் குரலும் கேட்காது என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

"தம்பி."

கவசத்துக்குள், இடப்பக்கம் பின்னால்.

"தம்பி."

அவன் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். மூன்றாவது குரல் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது, எதிர் இயந்திரத்தில் வேலை செய்யும் சிவானந்தம் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் கவசம் இருந்தது.

சிவானந்தம் முகத்தைச் சுளித்து, லிங்கேஸ்வரனின் இடது தோளுக்குப் பின்னால் விரலை நீட்டினான். யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள், போகவில்லையா என்று கையால் கேட்டான்.

பிறகு, இத்தனை தடவை என்று மூன்று விரல்களைக் காட்டினான்.